சங்கத்துக் கணினியும் புதிய இயங்குதளமும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

செங்கல்பட்டு ஜில்லாவிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களில் ரொக்கப் புத்தகமும் பேரேடும் இப்போது பெரும்பாலும் கணினிக்குள் இடம் பெயர்ந்துவிட்டன. மதுராந்தகம் பக்கத்துக் கரும்பு விவசாயி பெற்ற பயிர்க்கடன், அனகாபுத்தூர் நெசவாளிக்குச் சேர வேண்டிய கூலி, மாமல்லபுரத்துக் கடலோரத்தில் சவுக்கு பயிரிட்டிருப்பவர் ஈடு வைத்த நகையின் எடை ஆகிய யாவும் மேசையின் மேலுள்ள ஒரு யந்திரத்தில் அடங்கியிருக்கின்றன. 1904ஆம் ஆண்டில், அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் பதிவான காலந்தொட்டு, சங்கத்தின் சொத்தைக் காப்பது என்றால் இரும்புப் பெட்டியைக் காப்பது என்றே நாம் பொருள் கொண்டு வந்தோம். பெட்டிக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஒருவரிடம், மறு சாவி மற்றொருவரிடம். அந்த ஏற்பாட்டின் நியாயத்தை யாரும் எடுத்துரைக்காமலே அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிவர். கணினியைக் காக்கும் ஏற்பாட்டை அவ்வளவு தெளிவாக அறிந்தவர் நம்மில் சிலரே.

2022 ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடியில் ஒரு திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. தமிழ்நாட்டில் சுமார் 4,500 சங்கங்கள் அதில் சேர்ந்தன. அதற்கு முன்னரே பல சங்கங்கள் தம் சொந்தப் பணத்தில் கணினி வாங்கியிருந்தன. அப்பழைய யந்திரங்களைப் பற்றியே இப்பாடம். அவற்றில் மிகப் பலவற்றை இயக்கி வந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த இலவசப் பராமரிப்பு 14-10-2025 அன்று முடிவடைந்தது. "நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை ஏன் மாற்ற வேண்டும்? இது கம்பெனிக்காரனின் வியாபாரத் தந்திரம் அல்லவா?" என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மற்றப் பாதியை அறியாமற்போனால் சங்கத்தின் பணத்துக்கே ஆபத்து.

இயங்குதளம் என்பது யாது?

நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி இருக்கிறது. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804இல் அமைத்த இந்த யந்திரம், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு வேலை செய்கிறது. பின்னாளில் கணக்கிடும் யந்திரங்களுக்கு வழிகாட்டியதும் அதே துளையட்டைதான். அட்டை தானே பாவு இழையைத் தொடுவதில்லை. பெட்டி அட்டையைப் படித்து, உரிய கொக்கியை உயர்த்தி, உரிய இழையைத் தூக்குகிறது. கணினியில் நாம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், கடிதம் எழுதும் மென்பொருள் ஆகியவை அட்டைகளைப் போன்றவை. அவை அச்சுப்பொறியையோ வட்டையோ நேரே தொடமாட்டா. நடுவில் நின்று அவற்றின் கட்டளையைப் படித்து யந்திரத்தை இயக்கும் ஜக்கார்டுப் பெட்டியே இயங்குதளம்.

240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டை வேறு அளவுப் பெட்டிக்குப் பொருந்தாது. பெரிய பெட்டியைப் பழைய தறிச் சட்டம் தாங்குமா என்பதும் பார்க்க வேண்டியதே. புதிய இயங்குதளம் வரும்போது பழைய மென்பொருள் ஓடாமற்போவதும், பழைய யந்திரம் அதை ஏற்க மறுப்பதும் இவ்விரண்டு காரணங்களாலேயே.

வரப்பிலுள்ள நண்டு வளை

விவசாயிக்கு வேறோர் உதாரணம் தருவோம். மாலையில் வயலில் நீர் கட்டிவிட்டு வருகிறோம். காலையில் பார்த்தால் நீர் இல்லை. வரப்பு இடியவில்லை, உடையவுமில்லை. எங்கோ ஒரு நண்டு வளை. இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட எழுத்து வேலை. அதில் இத்தகைய வளைகள் இருந்தே தீரும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று மைக்ரோசாப்ட் நிறுவனம், அதுவரை கண்டறிந்த வளைகளை அடைக்கும் மண்ணை அனுப்புகிறது. அதை ஏற்றுக்கொண்ட யந்திரம் பிழைக்கும்.

இதில் பலரும் கவனியாத ஓர் அபாயம் உண்டு. எந்த இடத்தில் மண் போடப்பட்டது என்பதைத் திருடனும் பார்க்கிறான். அடைப்பைப் பிரித்து ஆராய்ந்தால் வளை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். ஆகவே பழுதுபார்ப்பு வெளிவந்த நாள் முதல், அதை ஏற்காதவன் வயலுக்கு ஆபத்து முன்னைவிட அதிகமாகிறது. விண்டோஸ் 10க்கும் அதற்கு அடுத்த விண்டோஸ் 11க்கும் எழுத்து வேலையில் பெரும்பகுதி பொது. ஆதலால் புதியதில் அடைக்கப்படும் வளைகள் பல, பழையதில் எங்கே திறந்து கிடக்கின்றன என்று காட்டிக்கொடுக்கும். பராமரிப்பு முடிந்த யந்திரம் முதல் நாளே கெட்டுப்போவதில்லை. மாமல்லபுரத்துக் குன்றின் மேலுள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியில் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு விளக்கேற்றினர். பக்கத்தில் கருங்கல் விளக்குக் கோபுரம் எழுந்த பின்னர் அங்கே விளக்கேற்றுவார் இல்லை. கோயில் அப்படியே நிற்கிறது. அதை நம்பி எந்தக் கப்பலும் வருவதில்லை, அவ்வளவே.

இது வெறும் பயமுறுத்தல் அன்று என்பதற்கு 2017இன் சம்பவமே சாட்சி. அமெரிக்க உளவு ஸ்தாபனமொன்று கண்டறிந்து இரகசியமாக வைத்திருந்த வளை ஒன்றை அடைக்கும் பழுதுபார்ப்பு, 14-3-2017 அன்று வெளிவந்தது. அந்த வளையில் நுழையும் கருவி ஏப்ரலில் பகிரங்கமாயிற்று. மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் அதே வளை வழியாகப் புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் அண்டையில் கேரளத்தின் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும், தென்னக ரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகக் கணினிகளும் அகப்பட்டன. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை பராமரிப்பு முடிந்துபோன பழைய எக்ஸ்பி யந்திரங்கள் அல்ல. அவை விண்டோஸ் 7 யந்திரங்கள்; அன்று அதற்குப் பராமரிப்பு இருந்தது. அடைக்கும் மண் இரண்டு மாதங்களாக வரப்பின் ஓரத்தில் குவிந்து கிடந்தது; எடுத்துப் போடுவாரில்லை.

ஏன் போடவில்லை?

சோம்பலே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முழு உண்மையாகாது. 'அப்டேட்' என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு காரியங்கள் வருகின்றன. ஒன்று வளையை அடைக்கும் பழுதுபார்ப்பு. மற்றொன்று தோற்றத்தையும் வழக்கத்தையும் மாற்றும் பதிப்பு மாற்றம். முதலாவது நமக்குத் தேவை. இரண்டாவது பெரும்பாலும் அதை விற்பவனுக்குத் தேவை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், இரண்டாவதன்மேலுள்ள வெறுப்பினால் மக்கள் முதலாவதையும் சேர்த்துத் தள்ளுகின்றனர்.

இந்த வெறுப்புக்கு இடம் கொடுத்தவர்கள் தயாரிப்பாளர்களே. விண்டோஸ் 10 வெளிவந்த 2015இல், இதுவே கடைசி விண்டோஸ் என்று அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில் கூறினார். பத்தாண்டுகூட நிலைக்காத சொல் அது. 2016இல் பழைய கணினிகளில் விண்டோஸ் 10ஐ ஏற்றுமாறு அறிவிப்புப் பெட்டி ஒன்று தோன்றிக்கொண்டேயிருந்தது. அதன் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களையும் சம்மதித்தவர்களாகவே அந்த ஏற்பாடு எடுத்துக்கொண்டது! கேட்காமலே வந்த இம்மாற்றத்தால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒருவர் வழக்குத் தொடுத்து 10,000 டாலர் பெற்றார். 2018 அக்டோபரில் வந்த பதிப்பு மாற்றம் சிலருடைய கோப்புகளையே அழித்தது. நிறுவனம் அதை நிறுத்தி வைத்துத் திருத்த நேர்ந்தது. 19-7-2024 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தல் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். காவலாளியே கதவை அடைத்துக்கொண்டு நின்றால் வீட்டுக்காரன் என் செய்வான்?

ஆகவே அங்கத்தினரின் கோபத்தைப் பாமரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. எனினும் அந்தக் கோபத்தை எங்கே செலுத்துவது என்பதில் நிதானம் வேண்டும். பதிப்பு மாற்றத்தைத் தாமதிக்கலாம், மறுக்கலாம், ஆராயலாம். பழுதுபார்ப்பைத் தாமதிக்கக் கூடாது. பராமரிப்பு இருக்கும் இயங்குதளத்தில் இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் வசதி அமைப்புகளில் ஓரளவு இருக்கிறது.

புதியதன் நிபந்தனைகள்

விண்டோஸ் 11 அக்டோபர் 2021இல் வெளிவந்தது. அதற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு என்பன போன்ற சாதாரண நிபந்தனைகளோடு இரண்டு கடும் நிபந்தனைகள் உண்டு. டிபிஎம் 2.0 என்னும் சிறு பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் ஏறக்குறைய 2017, 2018க்குப் பின் வந்த தலைமுறையைச் சேர்ந்திருக்க வேண்டும். சில்லு என்பது சுவரில் பதித்த இரும்புப் பெட்டி போன்றது. சாவிகள் அதனுள் இருக்கும். பல யந்திரங்களில் இச்சில்லின் வேலையைச் செய்யும் அமைப்பு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் "இது உதவாது, வேறு வாங்குங்கள்" என்று சொல்வதற்கு முன் அதைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். செயலியே பழையதாயின் வேறு வழியில்லை. நிபந்தனையை ஏமாற்றிப் புதியதை ஏற்றித் தருவோரும் ஊருக்கு ஊர் உண்டு. அவ்வாறு ஏற்றிய யந்திரத்துக்குப் பழுதுபார்ப்பு பெறும் உரிமை கிடையாது என்று தயாரிப்பாளர் தெளிவாகக் கூறியிருக்கின்றனர். எதற்காக மாறுகிறோமோ அதையே இழந்துவிட்டு மாறுவதில் பயன் என்ன?

இதைவிடக் கேடானது உரிமமில்லாத நகல். காவல் மென்பொருளை அணைத்துவிட்டு, யாரோ எழுதிய நிரலை ஓட்டி, உரிமம் பெற்றதுபோலக் காட்டுவது வழக்கமாயிருக்கிறது. இரவில் கதவைத் திறந்து வைத்து அந்நியனிடம் பூட்டு மாற்றச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யும் இக்காரியத்தைத் தணிக்கையாளர் ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

சாவி யாரிடம்?

புதிய இயங்குதளத்தில் பாதுகாப்பு பலப்பட்டிருக்கிறது என்பது மெய். ஆனால் பலமான பூட்டு, சாவியைத் தொலைத்தவனுக்கும் பலமாகவே பூட்டிக்கொள்ளும். 2024இன் பிற்பகுதியில் வந்த பதிப்பு முதல், தகுதியுள்ள யந்திரத்தில் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கின் மூலம் நுழைந்தால், வட்டு முழுவதும் தானே சங்கேத வடிவில் பூட்டப்படுகிறது. திறப்பதற்கான 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. கணக்கு யாருடையது? நிறுவ வந்த கடைப் பையனுடையதா? மாற்றலாகிப் போன எழுத்தருடையதா? ஒரு நாள் யந்திரத்தின் உட்பலகையை மாற்ற நேர்ந்தால் திரையில் 48 இலக்கம் கேட்கும். கொடுக்க இயலாவிட்டால் சங்கத்தின் கணக்குகள் சங்கத்துக்கே கிட்டா. திருடன் வராமலே திருட்டுப் போனதற்கு இது சமம். ஆதலால் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, நகைப் பெட்டியுடன் இரட்டைப் பூட்டில் வைக்க வேண்டும். செயலாளர் மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

தினசரி வேலை செய்யும் எழுத்தர் நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் உட்கார்ந்து வேலை செய்வதும் தவறே. நச்சு நிரல் ஒன்று அவர் கையால் திறக்கப்பட்டால், அவருக்குள்ள உரிமை அத்தனையும் அதற்கும் கிடைத்துவிடும். இரண்டு கணக்குகள் வைத்து, நிர்வாகிக் கடவுச்சொல்லை வேறொருவர் வைத்திருப்பதே நமது பழைய இரட்டைப் பூட்டு முறை.

மற்றொரு விஷயம். 2024 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'ரீகால்' என்ற வசதியை அறிவித்தது. திரையில் தோன்றுவதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமித்து, பிற்பாடு தேடித் தருவது அதன் வேலை. சேமிப்பு போதிய காப்பின்றிக் கிடந்ததை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியதும் வெளியீட்டை ஒத்திவைத்து, காப்பைக் கூட்டி, விரும்பினால் மட்டும் இயங்குமாறு செய்து 2025இல் வெளியிட்டனர். அதற்கென்று அமைந்த உயர்விலை யந்திரங்களில் மட்டுமே அது உண்டு. அங்கத்தினரின் ஆதார் எண்ணும் சேமிப்புத் தொகையும் தோன்றும் திரைக்கு இத்தகைய ஞாபகசக்தி அவசியமில்லை. இருப்பின் அணைத்து வைக்க.

மூன்று வழிகள்

பணம் கொடுத்துப் பழையதற்கே பழுதுபார்ப்பு பெறலாம். ஸ்தாபனங்களுக்கு ஒரு யந்திரத்துக்கு முதலாண்டு 61 டாலர். இரண்டாம் ஆண்டு இருமடங்கு. மூன்றாம் ஆண்டு அதற்கும் இருமடங்கு. அதன் பின் இல்லை. இரண்டாம் ஆண்டில் சேருவோர் முதலாண்டுத் தொகையையும் செலுத்தியாக வேண்டும். மூன்றாண்டுக்கும் சேர்த்து 427 டாலர். அத்தொகையில் சாதாரணப் புதுக் கணினியே வாங்கிவிடலாம். ஓராண்டு அவகாசம் தேடுவோர்க்கன்றி இது சிக்கனமான வழியன்று.

புதிய யந்திரம் வாங்குவது இரண்டாவது. நிதி இருப்பின் நேர்வழி இதுவே.

மூன்றாவது வழி, இயங்குதளத்தையே மாற்றிப் பழைய யந்திரத்தை வைத்துக்கொள்வது. சென்னையிலுள்ள சிடாக் ஸ்தாபனம் 2007இல் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. விலையில்லை, தமிழில் இயங்கும். 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் அதுவும் சேர்ந்தே இருந்தது. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் கண்டிருக்கக்கூடும். கேரளப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளே பாடத்துக்குப் பயன்படுகிறது. சங்கத்தின் கணக்கு மென்பொருள் இணைய உலாவி வழியாக இயங்குமாயின் இவ்வழி நன்கு கைகொடுக்கும். முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை பாஸ்புத்தகம் அச்சிடும் பொறியும் விரல்ரேகைக் கருவியும். அவற்றை இயக்கும் நிரல் லினக்சுக்கு உண்டா என்று விற்றவரிடம் எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். இல்லையெனில் கௌண்டரிலுள்ள ஒரு யந்திரத்தை மட்டும் புதிதாக வாங்கி, கடிதமும் கணக்கும் பார்க்கும் மற்றவற்றை லினக்சில் ஓட்டலாம். சிறு சங்கங்களுக்கு இந்தக் கலப்பு முறையே உகந்தது என்பது எமது கருத்து.

எவ்வழியாயினும் பழைய தீர்மானப் புத்தகங்களைத் தட்டச்சு செய்த எழுத்துருவைப் பாருங்கள். வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிக்கோடை ஏற்றுவிட்டது. மாறுமுன் அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றிக்கொள்வது நலம்.

சங்கத்தின் சொந்த யந்திரம் செம்மையாக இருந்தாலும் ஆபத்து முற்றும் நீங்கியதாகாது. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளித்து வந்த சி-எட்ஜ் நிறுவனம் பணம் பறிக்கும் நச்சு நிரலால் தாக்கப்பட்டது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் பணம் அனுப்ப இயலாது தவித்தனர். மறுநாள் இணைப்பு மீண்டது. அன்று கையில் தாள் பேரேடு இருந்தவர்க்கே கௌண்டரில் பதில் சொல்ல முடிந்திருக்கும்.

ஆகையால் நகல் வேண்டும். நம் கடலோரத்துக்கு இது இருமடங்கு பொருந்தும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரை கடந்தது. உப்புக் காற்று உட்பலகைகளை அரிக்கிறது. பதிப்பு மாற்றம் பாதியில் நடக்கும்போது மின்சாரம் நின்றால் யந்திரம் மறுபடி எழாமலே போகலாம். மின்கலத் துணைக் கருவி இல்லாத அலுவலகத்தில் அக்காரியத்தைத் தொடங்கவே கூடாது. வாரம் ஒருமுறை வெளி வட்டில் நகலெடுத்து, உடனே கழற்றிவிட வேண்டும். இணைந்தே இருக்கும் வட்டையும் நச்சு நிரல் பூட்டிவிடும். ஒரு நகல் ஊரிலேயே இராமல் செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ நம்பகமான இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஓர் அங்கத்தினரின் கணக்கைத் திறந்து பார்த்து, பேரேட்டுடன் ஒப்பிட வேண்டும். திறந்து பாராத நகல் முளைப்புத்திறன் சோதிக்காத விதையைப் போன்றது. முளைக்குமா என்பது விதைத்த பின்புதான் தெரியும்.

மாறுவதற்கு உகந்த காலம் எது என்பதையும் நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும். மார்ச்சு மாதம் கணக்கு முடிக்கும் காலம், ஆகாது. சம்பாப் பருவத்துக் கடன் பட்டுவாடா நடக்கும் ஆகஸ்டு, செப்டம்பரும், நெசவாளர் சங்கங்களில் தீபாவளித் தள்ளுபடி விற்பனை நடக்கும் வாரங்களும் ஆகா. ஜூன் மாதத்தில் ஒரு யந்திரத்தை மட்டும் முதலில் மாற்றி, பழையதை இணையத்திலிருந்து துண்டித்து அருகிலேயே வைத்து, ஒரு மாதத்துக்கு இரண்டிலும் தினசரிக் கணக்கைப் பதிவு செய்து மாலைதோறும் இருப்பைச் சரிபார்க்கலாம். பைசா வித்தியாசமின்றி ஒரு மாதம் ஓடிய பின்னர் மற்ற யந்திரங்களுக்கான தீர்மானத்தைக் கூட்டத்தில் வைக்கலாம்.